புதுப்பிப்பு: சீசன் சர்வர் எண்ணிக்கை ஏன் மாறவில்லை என்று தெரிந்துவிட்டது

முன்கதை: கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையின் சர்வர்களை டெர்ராஃபார்மில் (எத்தனை சர்வர் வேண்டும் என்பது போன்றவற்றைக் கோப்பில் எழுதிக்கொடுத்தால் கிளவுடில் அப்படியே அமைத்துத்தரும் கருவி) பார்த்துக்கொள்கிறோம். வழக்கமாக 2 போதும். தோத்தாபுரி வரத்து ஏறும்போது 6 வேண்டும். டிஎஃப்_வார்_ என்று தொடங்கும் என்விரான்மென்ட் வேரியபிளில் (கோப்புக்கு வெளியே, கணினியின் சூழலில் வைக்கும் மதிப்பு) 6 கொடுத்தும் பிளான் (என்ன மாறப்போகிறது என்று டெர்ராஃபார்ம் முன்கூட்டியே காட்டுவது) 2 என்றே அடம்பிடித்தது. ஏன் என்று இங்கே கேட்டிருந்தேன்.

ஒரே வேரியபிளுக்குப் பல இடங்களில் மதிப்பு கொடுத்தால் எது ஜெயிக்கும் என்ற முன்னுரிமை வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. டீஃபால்ட் மதிப்பு எல்லாவற்றுக்கும் கீழே. அதை என்விரான்மென்ட் வேரியபிள் மீறும். அதையும் மீறுவது, வேரியபிள் மதிப்புகளை எழுதிவைக்கும் டெர்ராஃபார்ம்.டிஎஃப்வார்ஸ் கோப்பு. அதற்கு மேல், பெயர் ஆட்டோ.டிஎஃப்வார்ஸ் என்று முடியும் கோப்புகள். அவற்றுக்குள் அகரவரிசையில் பிந்தியது ஜெயிக்கும். கமாண்டிலேயே தரும் வார் (மதிப்பை நேரடியாகத் தருவது), வார்-ஃபைல் (மதிப்புகள் உள்ள கோப்பைச் சுட்டுவது) இரண்டுக்கும்தான் கடைசி வார்த்தை. ரெப்போவில் (எங்கள் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் இடம்) எப்போதோ யாரோ போட்ட டிஎஃப்வார்ஸ் கோப்பில் அந்த 2 உட்கார்ந்திருந்தது. அங்கே பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி.

இப்போது சீசனுக்குத் தனிக் கோப்பு, வார்-ஃபைல் வழியாக. கூடவே வேரியபிளுக்குள் ஒரு வேலிடேஷன்: 1 முதல் 8 வரை மட்டும். அவசரத்தில் 6-க்கு 60 தட்டினால் பிளானே நின்றுவிடும். முன்னுரிமை வரிசையைவிட எனக்கு இதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது. கிளவுட் பில் வந்தபிறகு முதலாளியிடம் யார் பேசுவது?

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள வேரியபிளை சென்சிடிவ் என்று குறித்தால் போதுமா என்று கேட்டவருக்கு: அப்படிக் குறித்தால் திரையில் மட்டும்தான் மறையும். ஸ்டேட் கோப்பில் (எதையெல்லாம் அமைத்தது என்று டெர்ராஃபார்ம் குறித்துவைக்கும் கோப்பு) அது அப்படியே படிக்கும்படி இருக்கும். அந்தக் கோப்பு இருக்கும் பக்கெட்டை (கிளவுடில் உள்ள சேமிப்பிடம்) யார் திறக்கலாம் என்று முதலில் பாருங்கள்.