பெர்லின் சுவர் விழுந்தது நவம்பர் 9. ஜெர்மனியின் தேசிய நாள் மட்டும் ஏன் அக்டோபர் 3?

சேலத்துக்காரன்:
வணக்கம். லைப்சிக் வந்து ஒன்றரை வருடமாகிறது. போன நவம்பர் 9 சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், எங்கள் கட்டட வாசலில் மேல்மாடிப் பாட்டி மண்டியிட்டு நடைபாதையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கறை போலிருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். கல்லோடு கல்லாகப் பதித்த மூன்று பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. இத்தனை நாள் அதன் மேல்தான் சைக்கிளை நிறுத்தியிருக்கிறேன்! குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி தேய்த்துவிட்டு, பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றினார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இன்றைக்குச் சுவர் விழுந்த நாளாச்சே, கொண்டாட்டம் இல்லையா?" என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டுவிட்டேன். "அதுவும்தான்" என்றார். அவ்வளவுதான். துணியை என் கையில் கொடுத்துவிட்டார்.

அவ்வளவு பெரிய நாளை விட்டுவிட்டு அக்டோபர் 3-க்கு ஏன் விடுமுறை? கொடியையும் கால்பந்துப் போட்டி சமயத்தில்தான் பார்க்கிறேன். இவர்களுக்கு நாட்டுப்பற்றே கிடையாதா?

நெக்கார்க்கரை:
அந்தத் தேதியின் கணக்கு கொஞ்சம் சிக்கலானது. 1918 நவம்பர் 9-இல் ஷைடெமான் என்ற அரசியல் தலைவர் நாடாளுமன்ற ஜன்னலில் நின்று குடியரசை அறிவித்தார். 1923-இல் அதே தேதியில் மியூனிக்கில் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றது. 1938-இல் அதே இரவில் நாடு முழுக்க யூதர்களின் கடைகளை உடைத்தார்கள், தொழுகைக்கூடங்களைக் கொளுத்தினார்கள். 1989-இல்தான் சுவர். எந்த நவம்பர் 9-க்கு வாணவேடிக்கை விடுவது? அதனால் 1990-இல் கிழக்கு ஜெர்மனி சட்டப்படி மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்த அக்டோபர் 3. கல்யாண நாளை விட்டுவிட்டு ரிஜிஸ்டர் ஆபீஸ் தேதியைக் கொண்டாடுகிற மாதிரிதான்.

நீங்கள் பார்த்தது 'ஷ்டோல்பர்ஷ்டைன்', தடுக்கும் கல். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கியது; இப்போது ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. நாஜிகளால் துரத்தப்பட்டவர்கள், கொல்லப்பட்டவர்கள் கடைசியாகத் தாமாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில் பதிப்பார்கள்.

கொடி விஷயத்தில் ஒன்று. கறுப்பு-சிவப்பு-பொன் 1832 ஹம்பாஹ் விழாவிலும் 1848 புரட்சியிலும் ஜனநாயகம் கேட்டவர்கள் தூக்கிய கொடி. நாஜிகள் அதை எடுத்துவிட்டுத் தங்கள் கொடியை ஏற்றினார்கள். ஆக, கூச்சப்படத் தேவையில்லாத கொடிக்கே கூச்சப்படுகிறார்கள்!

பேர்லின் பெரியவர்:
தம்பி, நான் இலங்கையிலிருந்து 84-இல் அகதியாக வந்தனான். மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லின், ஷோனஃபெல்ட் விமான நிலையம். கையில் ட்ரான்சிட் விசா. ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்றாஸே நிலையத்தில் எஸ்-பான் என்ற நகர ரயிலில் ஏறினால் சில நிமிடத்தில் மேற்கு. அந்த நாட்டுச் சனம் தாண்ட முடியாத சுவரை நாங்கள் ஒரு ரிக்கெற்றோடு தாண்டினோம். மேற்கு அதை எல்லையாக ஒத்துக்கொள்ளாததால் அந்தப் பக்கம் பாஸ்போர்ட் பார்க்க ஆளில்லை. 85-இல் இரண்டு ஜேர்மனியும் பேசி எங்களுக்கு அந்த வழியை அடைத்துவிட்டார்கள்.

89-இல் அந்த இரவு ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வெளியில் ஒரே ஹோர்ன் சத்தம். எட்டிப் பார்த்தால் கிழக்கு ஜேர்மனியின் ட்ரபான்ட் கார்கள் வரிசையாக வருகின்றன, முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அடுத்த நாள் வங்கி வாசலில் 100 மார்க் வரவேற்புப் பணத்துக்குக் கியூ. எனக்கும் கண் கலங்கியது. ஆனால் என்னுடைய அகதி வழக்கு அப்போதும் முடியவில்லை.

கயல்:
லைப்சிக்கில் இருந்துகொண்டு அக்டோபர் 9-ஐ மறக்கலாமா? 1989-இல் அது திங்கட்கிழமை. நிக்கோலாய் தேவாலயப் பிரார்த்தனை முடிந்து சுமார் 70,000 பேர் கிழக்கு ஜெர்மனி ஆட்சியை எதிர்த்து நகரைச் சுற்றி நடந்தார்கள். போலீஸ் சுடவில்லை. சுவர் விழுந்தது அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து. என் மாமனார் அன்று மனைவியிடம் சொல்லாமல் போனவர். அக்டோபர் 3 என்றாலே, "மேற்கு எங்களை வாங்கிய தேதி" என்று முணுமுணுப்பார். நாட்டுப்பற்று இல்லாமலா? ஊருக்கு ஒரு தேதி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், கோட்ஷெட் தெருவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1938-இல் எரித்த தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் 140 வெண்கல நாற்காலிகள், எல்லாம் காலி.

சேலத்துக்காரன்:
நன்றி. நேற்று அகராதியை வைத்துக்கொண்டு தகடுகளைப் படித்தேன். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்குகிறது. மூன்றும் ஒரே குடும்பப் பெயர். கடைசிப் பெண் 1934-இல் பிறந்தவள், 1942-இல் லாட்வியாவிலுள்ள ரீகாவுக்கு நாஜிகள் அனுப்பியிருக்கிறார்கள்.

சைக்கிள் இப்போது பின்கட்டில். இன்னொரு சந்தேகம்: பாட்டி ஏதோ பாலிஷ் போடுகிறார், வீட்டில் புளி இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் தகடு கெடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.