மறு: டியூபிங்: குழாயா, குழலா, தூம்பா?

அன்புள்ள குழுவினருக்கு,
செவிலியர் கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ட்ரிப்ஸ் ஏற்றும் பகுதியில் 'டியூபிங்' (மருந்து நீர் இறங்கும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப்) பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'குழாய்' என்று போட்டால் சுவரில் பதித்த ஆக்சிஜன் குழாயோடு குழம்புகிறது. ஒரு சொல் தாருங்கள்.

* * *

ஐயா,
'தூம்பு' இருக்கிறதே! மலைபடுகடாத்தில் 'களிற்றுயிர்த் தூம்பு' ஓர் ஊதுகருவி. ஏரிக் கல்வெட்டுகளில் நீர் போகும் மதகும் தூம்புதான். காற்று, நீர் இரண்டையும் கடத்திய சொல். தும்பிக்கையும் இதன் உறவு என்பது என் துணிபு. யானையின் கையைப் 'புழைக்கை' என்றும் சொன்னார்கள்; புழை என்றால் துளை; அதிலிருந்துதான் கேபிலரிக்கு 'நுண்புழை' வந்தது. இதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

* * *

தூம்பில் காற்றுக்குமிழி இருக்கிறதா பார் என்றால் இரவுப் பணியில் இருப்பவருக்கு விளங்குமா? நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது ஐயா. டியூப் என்றே எழுதுங்கள்.

* * *

இருவருக்கும் வணக்கம். பட்டறைப் பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன். அரை அங்குல இரும்புக் குழாயை அளந்து பாருங்கள், வெளிவிட்டம் 21.3 மி.மீ. இருக்கும். அரை அங்குலம் வெறும் பெயரளவு. டியூப் அப்படியில்லை, சொன்ன வெளிவிட்டமும் சுவர்த் தடிப்பும் அப்படியே இருக்கும். எண்ணெய்க் கிணற்றிலும் சிமென்ட் வைத்து இறுக்கியது உறைக்குழாய், அதனுள்ளே தொங்கவிட்டு வேண்டும்போது உருவி எடுப்பது டியூபிங். ஆகவே பைப்புக்குக் குழாய், டியூபுக்குக் குழல். துப்பாக்கிக் குழல் என்று ஏற்கெனவே சொல்கிறோம்.

சரி, டியூபிங்? அந்த 'இங்'குக்குத் தமிழில் தனி விகுதி எதற்கு? 'இரண்டு மீட்டர் துணி' என்பதுபோல 'இரண்டு மீட்டர் குழல்' என்றால் போதும், தமிழில் அதுவே அளந்து வெட்டித் தரும் சரக்கையும் குறிக்கும். ஆனால் ஒரு கவனம்: மில்லிலிட்டருக்கு 20 சொட்டு, 60 சொட்டு என்ற கணக்கு சொட்டு விழும் அறையோடு கூடிய முழு ட்ரிப்ஸ் செட்டுக்கு உரியது. அந்த இடங்களில் குழல் என்று எழுதிவிடாதீர்கள், செட் என்றே இருக்கட்டும்.

* * *

நன்றி. மறுப்பு அதிகம் வராததால் 'குழல்' என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'டியூப் எனப்படும் குழல்'.

* * *

குழல் என்றால் கூந்தலும்தானே ஐயா? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னிணைப்பிலாவது தூம்புக்கு ஒரு வரி கொடுங்கள்.