டாசிட்டஸ் ஒருவர் கையிலான ஆட்சியை ஏற்றாரா, வெறுத்தாரா?

கேள்வி: தோட்டத்து மாணவி, சுங்கை சிப்புட்

வணக்கம். ஆறாம் படிவத்தில் வரலாறு படிக்கிறேன். ரோமானிய ஆசிரியர் டாசிட்டஸின் ‘வரலாறுகள்’ நூலை மொழிபெயர்ப்பில் வாசிக்கத் தொடங்கி, முதற்பக்கத்திலேயே நின்றுவிட்டேன். ஒக்டேவியன் அன்டோனியை வென்ற அக்டியம் போருக்குப் பின் அதிகாரம் முழுவதும் ஒருவரிடம் சேர்வது அமைதிக்குத் தேவையாயிற்று என்கிறார். அதே மூச்சில், அன்று முதல் பெரும் எழுத்தாளர்கள் மறைந்தார்கள் என்றும் உண்மை பலவாறு சிதைந்தது என்றும் வருந்துகிறார். இவற்றில் எது அவருடைய உண்மையான கருத்து?

பதில்: ஓய்வுபெற்ற கிராணி

மகளே, இரண்டும் அவருடைய கருத்தே. கிடைத்த அமைதியையும் அதற்குக் கொடுத்த விலையையும் அவர் பிரித்து எழுதுவதில்லை.

அந்த அமைதி எதன்மேல் நின்றது என்பதைக் கி.பி. 69ஆம் ஆண்டு காட்டிவிட்டது. 68 ஜூனில் பேரரசர் நீரோ இறந்தபோது, ஸ்பெயினில் ஆளுநராக இருந்த கால்பாவைப் படைகள் அரியணைக்கு உயர்த்தியிருந்தன. பேரரசரை ரோமுக்கு வெளியிலும் உருவாக்கலாம் என்ற ஆட்சியின் இரகசியம் அப்போது வெளிப்பட்டது என்கிறார் டாசிட்டஸ். 69 ஜனவரியில் ரைன் நதிக்கரைப் படைகள் தங்கள் தளபதி விட்டெல்லியஸைப் பேரரசராக அறிவித்தன. அதே மாதம் 15ஆம் தேதி, பேரரசரின் காவற்படையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அரியணைக்குப் போட்டியிட்ட ஓத்தோவின் ஆட்கள் கால்பாவை ரோமின் பொதுச் சதுக்கத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். ஏப்ரலில் விட்டெல்லியஸின் படையிடம் ஓத்தோ தோற்றுத் தற்கொலை செய்துகொண்டார். ஜூலை 1 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தளபதி வெஸ்பாசியன் பேரரசராக அறிவிக்கப்பட்டார். டிசம்பரில் விட்டெல்லியஸும் கொல்லப்பட்டார்.

கால்பாவைப் பற்றிய பகுதியை நிதானமாக வாசியுங்கள். தம் பெயரில் வாக்களிக்கப்பட்ட பணத்தைக் காவற்படைக்குக் கொடுக்க மறுத்து, வீரர்களை நான் தேர்ந்தெடுப்பேனே தவிர விலைக்கு வாங்கமாட்டேன் என்றார் அவர். அந்தச் சொல் நாட்டுக்கு நேர்மையானது, சொன்னவருக்கோ ஆபத்தானது என்கிறார் டாசிட்டஸ். அந்தக் கிழவர் சிறிதளவு தாராளம் காட்டியிருந்தாலே போதும், படையின் மனம் திரும்பியிருக்கும் என்றும் சேர்க்கிறார். இப்படி எழுதுகிறவர் பழைய குடியரசை எண்ணிக் கண்ணீர் விடுபவர் மட்டும் அல்லர், அதிகாரம் நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்று அறிந்தவர்.

ஜப்பானியர் மலாயாவுக்குள் வந்தபோது தோட்டத்துத் துரை இரவோடு இரவாகக் கிளம்பிப் போனதையும், மறுநாள் காலை பெரட்டில் (வேலையாட்கள் கூடும் காலை அணிவகுப்பில்) யார் பெயர் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லாரும் நின்றதையும் என் தகப்பனார் பலமுறை சொல்லியிருக்கிறார். துரைமார் ஆட்சி அசையாதது என்று நம்பியவர்களுக்கு வெளிப்பட்ட இரகசியம் அது. 1945இல் துரைமார் திரும்பினார்கள், ஆனால் அந்தப் பழைய நம்பிக்கை திரும்பவில்லை.

பதில்: தமிழாசிரியை

கிராணி ஐயா சொன்னது அரியணையைப் பற்றியது. மூன்றாம் புத்தகத்தில் வட இத்தாலியின் கிரெமோனா அருகே விட்டெல்லியஸ், வெஸ்பாசியன் படைகளுக்கு இடையே நடந்த இரவுப் போரையும் தங்கை தவறாமல் வாசிக்க வேண்டும். ஸ்பெயினிலிருந்து படையில் சேர்ந்த ஒருவன் வீட்டில் விட்டுவந்த சிறுவன், வளர்ந்து எதிர்ப்படையில் சேர்ந்து, அறியாமல் தன் தந்தையையே வெட்டி வீழ்த்துகிறான். உடலைச் சோதிக்கும்போது அடையாளம் தெரிகிறது. அழுது மன்னிப்புக் கேட்டு, அங்கேயே குழி தோண்டிப் புதைக்கிறான். அருகில் இருந்தவர்கள் இந்தப் போரைச் சபிக்கிறார்கள், ஆனால் உறவினரைக் கொன்று கொள்ளையடிப்பதை நிறுத்தவில்லை. பாவம் என்று பேசிக்கொண்டே அதைச் செய்தார்கள் என்று டாசிட்டஸ் முடிக்கிறார்.

உறையூரை முற்றியிருந்த நலங்கிள்ளியையும் உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் நோக்கி, இருவரும் சூடியது சோழர் பூவாகிய ஆத்தியே, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று புறநானூற்றில் கோவூர் கிழார் சொன்னது இங்கே நினைவுக்கு வருகிறது. கோவூர் கிழார் போர் முடியும் முன்பே பேசினார். டாசிட்டஸோ எல்லாம் முடிந்து சுமார் 40 ஆண்டுகள் கழித்து எழுதினார், ஆகவே அவரால் யாரையும் தடுக்க முடியவில்லை.

பதில்: இரவு வாசகன்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தம் பதவி வாழ்வு வெஸ்பாசியனிடம் தொடங்கி, அவர் மகன் டைட்டஸிடம் வளர்ந்து, இளைய மகன் டொமிஷியனிடம் மேலும் உயர்ந்தது என்று டாசிட்டஸே ஒளிக்காமல் எழுதுகிறார். டொமிஷியன் காலக் கொலைகளின்போது செனட் வாய் மூடியிருந்ததற்குத் தமக்கும் பங்குண்டு என்பதை, தம் மாமனார் அக்ரிகோலாவைப் பற்றிய நூலில் ஒப்புக்கொள்கிறார். ஆகவே தங்கை கேட்ட இரட்டை மனம் வெளியிலிருந்து வந்த தீர்ப்பு அன்று, அந்த ஆட்சிக்குள்ளேயே உயர்ந்த ஒருவருடைய மனம். டொமிஷியன் இறந்த 96ஆம் ஆண்டு வரை ‘வரலாறுகள்’ நூல் சென்றது. நமக்குக் கிடைத்திருப்பதோ நான்கு புத்தகங்களும் ஐந்தாவதன் ஒரு பகுதியும்தான், கதை 70ஆம் ஆண்டிலேயே அறுந்துவிடுகிறது. அவர் தம் கண்ணால் பார்த்து, தாமும் பங்கேற்ற காலத்தைப் பற்றிய பக்கங்கள்தான் நமக்கு இல்லை.