ஆற்றில் பழகிய நீச்சல், தடாகத்தில் 25 மீட்டரிலேயே மூச்சு வாங்குகிறது. எதை முதலில் திருத்துவது?

பீலிக்கரை:
வயது 34. மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன். நீச்சல் யாரும் சொல்லித் தரவில்லை, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கீழே ஓடும் ஆற்றில் பெரிய பையன்கள் தள்ளிவிட, நாலு வாய் தண்ணீர் குடித்துப் பழகியதுதான். இப்போது வேலை கண்டியில். மூன்று மாதமாக வாரத்தில் இரண்டு நாள் தடாகத்துக்குப் போகிறேன். ஆற்றில் அரை மணி நேரம் கிடப்பேன், இங்கே ஃப்ரீஸ்டைலில் மறுபக்கச் சுவரைப் பிடிப்பதற்குள் நெஞ்சு அடைக்கிறது. பக்கத்து லேனில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று அலட்டிக்கொள்ளாமல் போய்ப் போய் வருகிறது, வெட்கமாக இருக்கிறது.
கூட்டாளி எடுத்த வீடியோவைப் பார்த்தேன். தலை மேலே, இடுப்பு கீழே, கால் சைக்கிள் மிதிக்கிறது, கைகள் முன்னால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. விசாரித்த ஒரு பயிற்றுநர் "இந்த வயசுல ஊறின பழக்கம் போகாது" என்று சொல்லிவிட்டார். உண்மையா?

மழைக்கால_அக்கா:
போகும் தம்பி. ஆனால் நாலையும் ஒரே நாளில் திருத்தப் போனால் ஒன்றுமே நடக்காது. முதலில் மூச்சு.
நம் பக்கத்து ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு குளிர் என்று உங்களுக்கே தெரியும். இறங்கியதும் 'ஹக்' என்று மூச்சை இழுத்து அப்படியே அடக்கிக்கொள்வோம். அந்த அடக்கல்தான் தடாகத்திலும் கூடவே வருகிறது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது நீங்கள் காற்றை வெளியே விடுவதில்லை. தலையைத் தூக்கிய அந்த அரை நொடிக்குள் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும், எப்படி முடியும்? நெஞ்சு அடைப்பது பெரும்பாலும் காற்று போதாமல் இல்லை, உள்ளே கரியமிலவாயு தேங்குவதால்.
நீந்தவே வேண்டாம். நெஞ்சளவு தண்ணீரில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை உள்ளே வைத்து மூக்கால் 'ம்ம்ம்' என்று முனகுங்கள். குமிழி இடைவிடாமல் வர வேண்டும். அப்புறம் முகத்தைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி இழுங்கள். ஒரு காது தண்ணீரிலேயே இருக்கட்டும், நீச்சல் கண்ணாடியின் ஒரு கண்ணும் தண்ணீருக்குள். வாய் கொஞ்சம் கோணினால் பரவாயில்லை, அழகுப் போட்டி இல்லையே. இரண்டு வாரம் இதுதான் வேலை.
இடுப்பு தாழ்வதற்குத் தனி மருந்து வேண்டாம். நுரையீரல்தான் நம் மிதவை, அதற்கு இந்தப் பக்கம் தலை ஏறினால் அந்தப் பக்கம் கால் இறங்கும், ஏற்றப்பலகை மாதிரி. கண் தடாகத்தின் அடியைப் பார்த்தாலே பாதி சரி.

கவ்வாத்துக்கத்தி:
எல்லாம் சரி, ஆனால் தலை தூக்குவதைக் கெட்ட பழக்கம் என்று சொல்லாதீர்கள். ஆற்றில் பாறை எங்கே, சுழி எங்கே என்று பார்த்துக்கொண்டே போகிறவன்தான் கரை ஏறுவான். 'பழகுகிறேன்' என்று மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்திலோ காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ இறங்கிவிடாதீர்கள் அண்ணே. மவுஸ்ஸாகலையில் தண்ணீர் வற்றினால் மூழ்கிப்போன பழைய ஊரின் கோவில் தெரிகிறது, அப்படியென்றால் நிறைந்திருக்கும்போது காலுக்கடியில் என்னென்ன கிடக்கும் என்று யோசியுங்கள். தடாகத்துக்கு ஒரு நீச்சல், ஆற்றுக்கு ஒரு நீச்சல், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டாம்_நம்பர்_மலை:
எனக்கும் கை குறுக்கே வெட்டும், ஒரு வருடம் அப்படியே நீந்தி வலது தோளில் வலி வாங்கிக்கொண்டேன். 'நேராகப் போடு' என்றால் நமக்குப் பிடிபடாது, ஏனென்றால் குறுக்கே போவதுதான் நமக்கு நேராகத் தெரிகிறது. கடிகாரத்தில் 10 மணிக்கு ஒரு கை, 2 மணிக்கு ஒரு கை என்று நினைத்துப் போட்டேன். ரொம்ப அகலமாக, பைத்தியக்காரத்தனமாக இருந்தது. வீடியோவில் பார்த்தால் சரியாகத் தோளுக்கு நேரே விழுந்திருந்தது!
காலுக்கு: மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு அடிக்காதீர்கள், அது மறுபடி தலையைத் தூக்க வைக்கும். கையை நீட்டி முகத்தைக் கவிழ்த்து, தொடையிலிருந்து அடியுங்கள், கணுக்கால் துணி மாதிரித் தொங்கட்டும். முழங்கால் மடங்கினால் அதுதான் உங்கள் சைக்கிள்.
நேரத்தைப் பார்க்காமல் 25 மீட்டருக்கு எத்தனை கை என்று எண்ணுங்கள். நான் 31-இல் தொடங்கி இப்போது 23.

பீலிக்கரை:
அக்கா, நேற்று முனகிப் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் மூக்கில் தண்ணீர் ஏறி இருமல்தான், உயிர்காப்பாளர் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் ஒரே ஒரு தடவை, அடியிலுள்ள நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டே அக்கரை போய்ச் சேர்ந்தேன். மூச்சு வாங்கியது, ஆனால் நெஞ்சு அடைக்கவில்லை. கை 36. சிரிக்காதீர்கள்.