பழைய ஃபோட்டோ பேப்பரில் ஓரமெல்லாம் சாம்பல், வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. குன்னூரில் வீட்டுக் குளியலறையையே இருட்டறையாக்கி கறுப்பு வெள்ளை ஃபோட்டோ பிரிண்ட் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் வரை கறுப்பு கறுப்பாகவே விழவில்லை. எல்லாம் கழுநீர் மாதிரி மங்கல். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) ட்ரேயில் 12 டிகிரி! டெவலப்பரில் வேலை செய்யும் இரண்டு மருந்துகளில், இந்தக் குளிரில் ஹைட்ரோகுயினோன் படுத்துவிடும், மெட்டால் மட்டும் ஒண்டியாக உழைக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது பெரிய பேசினில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் ட்ரேயை வைத்து 20 டிகிரியில் பிடிக்கிறேன். கறுப்பு சரியாகிவிட்டது.

ஓரம்தான் ஆகவில்லை. ஈசல் (பேப்பரைப் பிடிக்கும் சட்டம்) மறைத்த, என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) வெளிச்சமே படாத ஓரமும் சாம்பல் பூத்து வருகிறது. சேஃப்லைட்டை (இருட்டறையின் மங்கல் விளக்கு) சந்தேகப்பட்டு அதையும் அணைத்து, கும்மிருட்டில் ஒரு பேப்பர் துண்டை டெவலப்பரில் போட்டேன். அதுவும் சாம்பல். இன்னொரு துண்டை டெவலப்பரே காட்டாமல் நேரே ஃபிக்ஸரில் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) போட்டேன், பளிச்சென்று வெள்ளை. ஆக, பேப்பருக்குத்தான் வயசாகிவிட்டது. பெரியப்பா வீட்டுப் பரணில் இருபத்தைந்து வருஷம் கிடந்த பெட்டி, வேறென்ன செய்யும்? (ஊட்டி இந்துநகரில் ஃபிலிம் தொழிற்சாலையே ஓடிய மலை இது. இன்று ஒரு பெட்டி பேப்பருக்கு நாக்குத் தள்ளுகிறது.)

டெவலப்பரில் பென்சோட்ரையசோல் கலந்தால் இந்தச் சாம்பல் அடங்கும் என்று தெரியும். 1% கரைசல் லிட்டருக்கு எத்தனை மில்லியில் ஆரம்பிக்கலாம்? எக்ஸ்போஷரை (வெளிச்சம் காட்டும் நேரம்) எவ்வளவு கூட்டுவீர்கள்? அதற்குப் பதில் பொட்டாசியம் புரோமைடே போதுமா? கையால் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கோவையில் சில்லறையாகக் கிடைக்கும் இடம் தெரிந்தால் அதையும் போடுங்கள். இன்னும் 40 தாள் மிச்சம் இருக்கிறது, தூக்கிப்போட மனசு வரவில்லை.