இணைய ஒயிட்போர்டில் சிலர் மட்டுமே எழுதுகிறார்கள்: கருவியை மாற்றுவதா, முறையை மாற்றுவதா?

கேள்வி:
வெவ்வேறு இடங்களிலிருந்து பணியாற்றும் ஒரு சிறு குழுவை ஒருங்கிணைக்கிறேன். திட்டமிடல் கூட்டங்களுக்கு மிரோ என்ற இணைய ஒயிட்போர்டின் இலவசக் கணக்கைப் பயன்படுத்துகிறோம். கூட்டம் தொடங்கியதும் இரண்டு மூன்று பேர் தங்கள் யோசனைகளை எழுதிய சீட்டுகளை விரைவாக ஒட்டுகிறார்கள். மற்றவர்கள் திரையில் நகரும் கர்சர்களைப் பார்த்தபடி அமைதியாக இருந்துவிடுகிறார்கள். சில நாட்கள் கழித்துப் பலகையைத் திறந்தால், எது முடிவு, எது வெறும் யோசனை என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. வேறு கருவிக்கு மாறினால் இது சரியாகுமா?

பதில் 1:
கருவியை மாற்றுவதால் இது தீராது. குழுவாகக் கூடி யோசனை சொல்லும்போது, ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பதே யோசனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்பதை உளவியலாளர்கள் மைக்கேல் டீல், வுல்ஃப்காங் ஸ்ட்ரோப ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஒயிட்போர்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம் என்பதால் அந்தத் தடை நீங்கியிருக்க வேண்டும். ஆனால் ஒருவர் அழைப்பில் பேசிக்கொண்டே எழுதினால், மற்றவர்களின் கவனம் அவர் பேச்சிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே முதல் சில நிமிடங்களுக்கு அனைவரும் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு எழுதட்டும். பெர்ன்ட் ரோர்பாக் 1968இல் முன்வைத்த 6-3-5 முறையில், ஆறு பேர் ஆளுக்கு மூன்று யோசனைகளை ஐந்து நிமிடத்தில் எழுதி, தாளை அடுத்தவரிடம் தருவார்கள். அவர் அதைப் படித்துவிட்டுத் தம்முடையதைச் சேர்ப்பார். இதைப் பலகையில் ஆளுக்கொரு கட்டம் வரைந்து அப்படியே செய்யலாம். பிறர் எழுதுவதைப் பார்த்துத் தயங்குபவர்கள் தம் கணினியில் தனியாக எழுதிக்கொண்டு, நேரம் முடிந்ததும் சீட்டுகளாக ஒட்டட்டும். எங்கள் குழுவில் அதிகம் பேசாதவர்களின் யோசனைகள் இவ்வாறுதான் வெளிவரத் தொடங்கின.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உங்கள் இரண்டாவது சிக்கலையே நான் பெரிதாகக் கருதுகிறேன். ஒயிட்போர்டு சிந்திப்பதற்கான இடமே தவிர, ஆவணக் காப்பகம் அன்று. கூட்டம் முடிவதற்கு முன்பே, எடுத்த முடிவு, பொறுப்பாளர், கெடு ஆகியவற்றை நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பணிப்பட்டியலில் எழுதிவிட்டு, பலகையின் இணைப்பை அதனுடன் சேர்த்துவிடுங்கள். கூகுளின் ஒயிட்போர்டு சேவையான ஜாம்போர்டு 2024 அக்டோபரில் பார்வைக்கு மட்டும் என்று மாற்றப்பட்டு, அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று நிறுத்தப்பட்டது. எல்லாவற்றையும் அதிலேயே வைத்திருந்தவர்கள் கெடுவுக்குள் வேறிடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. முக்கியமான பலகைகளைப் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ சேமித்துவைப்பது நல்லது.

வெறும் வரைபடங்களுக்கு எக்ஸ்காலிட்ரா என்ற இணைய ஒயிட்போர்டு போதும். அது திறந்த மூல மென்பொருள். அதன் கூட்டு அமர்வுகள் முனைக்கு முனை குறியாக்கம் செய்யப்படுகின்றன, அதாவது இடையிலுள்ள சேவையகத்தால்கூட உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. அதைத் திறக்கும் சாவி இணைப்பிலேயே அடங்கியிருக்கிறது. எனவே இணைப்பு யாரிடம் சேர்ந்தாலும் அவர் உள்ளே வரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒரு சக ஊழியர் பெரும்பாலும் கைபேசியிலிருந்தே கலந்துகொள்கிறார். அவருக்கு என்ன செய்யலாம்?

பதில் 3:
எல்லையற்ற பலகையைச் சிறிய திரையில் நகர்த்திப் படிப்பது உண்மையிலேயே கடினம். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இது இன்னும் கடினம், ஏனெனில் அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் சீட்டுகளுக்குப் படிக்கும் வரிசை என்று ஒன்று இருப்பதில்லை. கேள்விகளை முன்னதாகவே எளிய உரையாக அனுப்பிவிடுங்கள். உங்கள் சக ஊழியர் அரட்டைப் பெட்டியில் எழுதுவதை ஒருவர் பொறுப்பேற்று, மற்றவர்களின் சீட்டுகள் வெளிப்படும் அதே நேரத்தில் பலகையில் சேர்க்கட்டும். கடைசியில் சேர்த்தால், குழு அதற்குள் வேறொரு யோசனையின் பின்னால் போயிருக்கும். ஒத்த சீட்டுகளைத் தொகுக்கும்போது ஒவ்வொரு தொகுதியின் தலைப்பையும் வாய்விட்டுப் படித்தால், அவரும் எந்தச் சீட்டு எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து மறுப்புச் சொல்ல முடியும்.