பத்து வயது லேப்ரடாருக்கு வீடு தேடணுமா, காப்பகத்திலேயே இருக்கட்டுமா?

தாரா_பல்லாவரம்:
சென்னைக்கு வெளியே ஒரு காப்பகத்துக்கு வாரக் கடைசியில போய் வேலை செய்யறேன். அங்க ஒரு பெண் லேப்ரடார் இருக்கு, லட்சுமின்னு கூப்பிடறோம். விடியறதுக்கு முன்னாடி யாரோ கேட் கம்பியில கட்டிட்டுப் போயிட்டாங்க. பல்லைப் பார்த்து டாக்டர் சொன்னது பத்து வயசு, கூடவும் இருக்கலாம். மடி நல்லாத் தொங்கிப் போயிருக்கு. வருஷா வருஷம் குட்டி போட வச்சிருக்காங்க, இனி ஆகாதுன்னதும் கொண்டு வந்து விட்டுட்டாங்க. 2017-ல வந்த நாய் இனப்பெருக்க விதிகள்படி எட்டு வயசுக்கு மேல குட்டி போட வைக்கக் கூடாது, வாழ்நாள்ல அஞ்சு ஈத்துக்கு மேலயும் கூடாது. யார் போய்ப் பார்க்கறாங்க?

சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டா முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தைக் கொஞ்சம் இழுத்துத்தான் எழுந்திருக்கா. சிமெண்ட் தரையில படுத்துப் படுத்து முழங்கையில முடி போய், தோல் காய்ச்சுப் போயிருக்கு. ஆனா யார் பக்கத்துல உட்கார்ந்தாலும் நேரா வந்து தொடையில தலையை வச்சிடுவா. கடி கிடையாது, மத்த நாய்ங்களோட சண்டை கிடையாது.

தத்தெடுக்க வர்றவங்க குட்டிங்க இருக்கிற பக்கம்தான் போறாங்க. "லேப் இருக்கா"ன்னு ஆசையா கேட்டு வர்றவங்ககூட வயசைச் சொன்னதும் திரும்பிடறாங்க. இவளுக்கு ஒரு வீடு கிடைச்சே ஆகணும்னு நினைக்கிறேன். எப்படித் தேடலாம்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

செந்தில்_திருவான்மியூர்:
மனம் புண்பட வேண்டாம், ஆனால் நான் எதிராகத்தான் சொல்கிறேன். இந்த நாய் ஒருமுறை இடம் பெயர்ந்துவிட்டது. இப்போது காப்பக ஆட்களைப் பழகியிருக்கும், சோறு வைக்கும் நேரம் தெரிந்திருக்கும். மறுபடி பிடுங்கி இன்னொரு வீட்டில் நட்டால் தாங்குமா? தாங்கி, அந்த வீடும் ஆறு மாதத்தில் வேண்டாம் என்று சொன்னால்? நான் உதவி செய்த இடத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முகநூலில் சோகமான படத்தைப் பார்த்து ஓடி வருகிறார்கள், கண்ணீரோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், ராத்திரி படுக்கையை நனைத்தது என்று திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். திரும்பி வந்த கிழட்டு நாய் தின்னாமல் மூலையில் கிடப்பதைப் பார்த்தவர்கள் "வீடு கிடைச்சே ஆகணும்" என்று எளிதாகச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது, பணம். ஒரு முதிய நாய்க்கு மூட்டு மாத்திரை, ரத்தப் பரிசோதனை, பல் என்று ஆகும் செலவில் எத்தனை தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யலாம்? சென்னை மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், 1964-லேயே, கருத்தடைதான் வழி என்று விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் இறங்கியது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-ல்தான். அந்த வேலை இன்னும் முடியவில்லை. இருக்கிற காசு அங்கே போகட்டும். லட்சுமிக்குக் காப்பகத்திலேயே சத்தமில்லாத ஓர் அறை கொடுங்கள், ரப்பர் விரிப்பு போடுங்கள், போதும்.

ஹரிணி_கோவை:
செந்தில் சார், எந்தக் காப்பகத்துல சத்தமில்லாத அறை இருக்கு? ஒண்ணு குரைச்சா நூறும் குரைக்கும். ராத்திரி ஒரு வாட்ச்மேன், அவ்வளவுதான்.

தாரா_பல்லாவரம்:
சார், நீங்க சொல்ற அந்தத் திரும்பி வர்ற கதையைத்தான் நானும் பயப்படறேன். அதுக்குப் பயந்து வீடே வேண்டாம்னு முடிவு கட்டறதைத்தான் ஒத்துக்க முடியலை. காப்பகம்ங்கிறது அடிபட்டது, கண்ணு போனது, யாரோ விட்டுட்டுப் போனது எல்லாம் ஒதுங்கற இடம். தெருநாயைக் கருத்தடை பண்ணி, தடுப்பூசி போட்டு, பிடிச்ச தெருவுலயே விடணும்னு 2023 விதி சொல்லுது. விட முடியாததுதான் உள்ளேயே தங்குது. அதுல வீட்டுலயே வளர்ந்த நாய்க்குத்தான் ரொம்பக் கஷ்டம், அதுக்குக் கூட்டத்துல முட்டி மோதிச் சாப்பிடத் தெரியாது. லட்சுமி தட்டை மத்ததுங்க காலி பண்ணினப்புறம்தான் பக்கத்துல வர்றா. அதனால நாங்க யாராவது தனியா நின்னு ஊட்டறோம். நாங்க இல்லாத நாள்ல?

இன்னொண்ணு, அவ ஒரு வீட்டுக்குப் போனா அந்த இடம் காலியாகுது. நீங்க காப்பாத்தணும்னு சொல்ற அடுத்த நாய் அங்க வரும்.

டாக்டர்_கால்நடை_மதுரை:
நான் இதுல ரெண்டு பக்கமும் இல்லை, ஆனா சில விஷயம் தெளிவாயிடணும். லேப்ரடாருக்கு சராசரி ஆயுள் 10–12 வருஷம். பெரிய உடம்புள்ள நாய் சீக்கிரம் முதுமை அடையும், நம்ம நாட்டு நாய் 13, 14ன்னு போறது சாதாரணம். ஆக, லட்சுமியைக் கூட்டிட்டுப் போறவங்ககிட்ட "இது கொஞ்ச காலம்தான்"னு முதல் நாளே சொல்லிடணும். அதை மறைச்சுக் கொடுக்கறதுதான் திரும்பி வர்றதுக்குப் பாதிக் காரணம்.

கொடுக்கறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது: ரத்தத்துல கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டறது), கல்லீரல் அளவு, உண்ணிக் காய்ச்சல் இருக்கான்னு பரிசோதனை, சிறுநீர், இதயத்துடிப்பு, பல். மூட்டு வலி மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சிறுநீரகம் நல்லா இருக்கான்னு பார்த்தே ஆகணும். வீட்டுல இருக்கற பாராசிட்டமால், இபுப்ரோஃபென் எதையும் கையில எடுக்கவே கூடாது, நாய்க்கு அது விஷம்.

கருத்தடை ஆகியிருக்கா, தாரா? ஆகலைன்னா அதுதான் முதல் கவலை. பருவம் முடிஞ்சு ஒண்ணு, ரெண்டு மாசத்துல கர்ப்பப்பையில சீழ் பிடிக்கறது வயசான பெண் நாய்ங்ககிட்ட அடிக்கடி பார்க்கறோம். தண்ணி அளவுக்கு மீறிக் குடிக்கும், சோறு இறங்காது, சில நேரம் பின்னாடி வடியும், சில நேரம் ஒண்ணுமே வெளியே தெரியாது. அந்த நிலைமையில அவசரமா அறுவை பண்றதை விட, ரத்தம் சரியா இருக்கும்போது திட்டம் போட்டுப் பண்றது எவ்வளவோ மேல். மடியில கட்டி தட்டுப்படுதான்னு ஒவ்வொரு காம்பா தடவிப் பாருங்க. நாய்ங்களுக்கு மடியில வர்ற கட்டியில சுமார் பாதி புற்றுநோய்தான்.

கண்ணு நீலம் பூத்த மாதிரி இருந்தா உடனே புரைன்னு பயப்படாதீங்க. வயசுல லென்ஸ் கெட்டியாகறதால வர்ற மங்கல்தான் பெரும்பாலும், பார்வை பெருசா போகாது.

செந்தில்_திருவான்மியூர்:
டாக்டர் சொன்னதைப் படித்தால் என் வாதம்தான் பலமாகிறது. இத்தனை பரிசோதனையும் அறுவையும் யார் தலையில்? தத்தெடுக்கும் நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் தலையில். இரண்டாம் மாதமே பணம் இறுகும், மூன்றாம் மாதம் மாத்திரை நிற்கும். நொண்டினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். காப்பகத்திலாவது கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

ஹரிணி_கோவை:
அதுக்கு வழி இருக்கு சார். அமெரிக்காவுல டென்னசி மாநிலம் மவுண்ட் ஜூலியட்ல ஓல்ட் ஃப்ரெண்ட்ஸ்னு முதிய நாய்களுக்கு மட்டுமே ஒரு சரணாலயம் இருக்கு, 2012-ல ஆரம்பிச்சது. அங்க நாயை வீடுகளுக்குக் கடைசி வரைக்கும் வளர்ப்புக்குக் கொடுக்கறாங்க, மருத்துவச் செலவு சரணாலயத்தோடது. குடும்பம் கொடுக்கறது இடமும் பாசமும். சான்பிரான்சிஸ்கோவுல மட்வில்னு ஒண்ணு 2007-லேர்ந்து ஏழு வயசுக்கு மேல உள்ள நாய்களுக்கு மட்டுமே வீடு தேடுது. அங்க பணம் இருக்கு, இங்க இல்லைன்னு சொல்வீங்க. ஆனா ஏற்பாட்டோட அடிப்படைக்குப் பணம் அவ்வளவு வேண்டாம். காப்பகத்துல இருந்தாலும் அந்த மாத்திரையைக் காப்பகம்தானே வாங்கணும்? அதே மாத்திரையை ஒரு வீட்டுக்குக் கொடுத்து அனுப்பறதுல என்ன நஷ்டம்?

தாரா_பல்லாவரம்:
டாக்டர், கருத்தடை ஆகலை. ரத்தம் எடுக்கச் சொல்றேன். மடியில ஒரு சின்ன உருண்டை கைக்குத் தட்டுப்பட்டுச்சு, ஞாயித்துக்கிழமை வர்ற டாக்டர்கிட்ட காட்டறேன்.

ஹரிணி சொன்ன ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. காப்பக நிர்வாகிகிட்ட பேசிட்டேன், மருந்துக்கு ரெண்டு நன்கொடையாளர் மாசா மாசம் கொடுக்கத் தயாரா இருக்காங்க. இப்ப என் கேள்வியை மாத்திக் கேக்கறேன். எந்த மாதிரி வீடு?

மீனா_நங்கநல்லூர்:
நான் இத்தனை நாளா படிக்க மட்டும்தான் செஞ்சேன். எங்க அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு. அப்பா போனதுக்கப்புறம் தரைத்தளத்துல தனியா இருக்காங்க, நான் பக்கத்துத் தெரு. நாய் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. குட்டி வேண்டாம்னு நாந்தான் தடுத்தேன். ராத்திரி முழுக்க முழிக்கணும், செருப்பையும் காலையும் கடிக்கும், பதினாலு வருஷம் யார் பார்க்கறது? லட்சுமி மாதிரி ஒண்ணுன்னா அம்மாவுக்கும் பொருந்தும்னு தோணுது. பகல் முழுக்க வீட்டுல ஆள் இருப்பாங்க.

செந்தில்_திருவான்மியூர்:
மீனா அம்மா, கோபப்படாதீர்கள். முப்பது கிலோ நாய் ஒன்று கீழே சரிந்தால் அறுபத்தெட்டு வயதில் யார் தூக்குவார்கள்? அம்மா ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தால் நாய் எங்கே போகும்? மறுபடி காப்பகத்துக்கா? வயதானவருக்கு வயதான நாய் என்று கேட்க இதமாக இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் முடியாமல் போகும் என்பதை யாரும் பேசுவதில்லை.

டாக்டர்_கால்நடை_மதுரை:
செந்தில் கேட்டது சரியான கேள்வி, தட்டிக் கழிக்க வேண்டாம். தூக்கறதுக்கு வழி இருக்கு: இடுப்புக்குக் கீழே ஒரு நீளத் துண்டைக் கொடுத்துத் தாங்கினா பின்பக்கம் எழுந்துடும், முழு எடையும் கைக்கு வராது. எடையைக் குறைச்சா மூட்டுக்குக் கிடைக்கற நிம்மதி எந்த மாத்திரையிலும் கிடைக்காது, நம்ம ஊர் லேப்ரடார்ங்க பெரும்பாலும் சாதம் தின்னு பருத்ததுங்க. டைல்ஸ் தரையா? அவ நடக்கற வழி பூரா ரப்பர் மேட் போடுங்க, வழுக்கி விழுந்த நாய் அப்புறம் எழுந்திருக்கவே பயப்படும். மே மாசத்துல வெயில் ஏறறதுக்கு முன்னாடி, காலையில ஆறு மணிக்குள்ள நடை முடிஞ்சுடணும்.

ஆஸ்பத்திரி விஷயத்துக்கு மருந்து என்கிட்ட இல்லை. அது எழுத்துல இருக்க வேண்டிய விஷயம்.

குமார்_அபார்ட்மெண்ட்:
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். தரைத்தளம் இல்லாதவங்க என்ன பண்றது? எங்க அசோசியேஷன் நாய்க்கு லிஃப்ட் கிடையாதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கு.

ஹரிணி_கோவை:
குமார் அண்ணா, அப்படித் தடை போட அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லைன்னு விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. வளர்க்கறதையும் தடுக்க முடியாது, லிஃப்டையும் தடுக்க முடியாது. செக்ரட்டரிக்கு எழுத்துல கொடுங்க. கூடவே வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றும் மாநகராட்சி உரிமமும் கையில வச்சுக்குங்க, பேச்சு பாதியிலேயே முடிஞ்சிடும்.

தாரா_பல்லாவரம்:
செந்தில் சார் எதிர்த்துப் பேசினதுல எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. பாவம்னு வர்றவங்களுக்குக் கொடுக்கறதா இல்லை. பார்க்க வர்றவங்ககிட்ட முதல்ல பின்னங்காலை இழுக்கற வீடியோவைத்தான் காட்டப் போறேன், தொடையில தலை வைக்கறதை அப்புறம். அதைப் பார்த்தும் இருக்கறவங்க வீட்டுல மூணு விஷயம் பார்ப்போம்: பகல்ல ஆள், படி ஏறாத தளம், முடியாமப் போனா எடுத்துக்க இன்னொருத்தர். முதல் மூணு மாசம் வளர்ப்பு மட்டும், அதுக்கப்புறம்தான் தத்து. ஒத்து வரலைன்னா குற்றம் சொல்லாம திரும்ப எடுத்துக்குவோம். புது இடத்துல முதல் சில நாள் சாப்பிடாம இருக்கலாம், வீட்டுக்குள்ள சிறுநீர் போகலாம், அதை வச்சு முடிவு பண்ண வேண்டாம்னு எழுதியே கொடுப்போம்.

செந்தில்_திருவான்மியூர்:
பணம் கருத்தடைக்குப் போக வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் அந்த நன்கொடையாளர்கள் லட்சுமிக்கென்று கொடுக்கும் பணம் வேறெங்கும் போகாது என்றால், அதைத் தடுக்க எனக்கு வாய் இல்லை. ஒரு நிபந்தனை சேருங்கள்: இரண்டாம் பொறுப்பாளர் நேரில் வந்து, நாயைத் தொட்டுப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். தொலைபேசியில் "சரி" சொன்னால் போதாது. கடைசி காலத்தில் வலி தாங்காத நிலை வந்தால் கருணைக்கொலை பற்றி முடிவெடுப்பது காப்பகமா, குடும்பமா என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். அந்த நாளில் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அவதிப்படுவது நாய்தான்.

டாக்டர்_கால்நடை_மதுரை:
அந்தக் கடைசி வரியை நானும் கேக்கறேன். டாக்டரும் குடும்பமும் சேர்ந்துன்னு எழுதுங்க. காப்பகத்துக்குத் தகவல் சொல்லணும், அனுமதிக்குக் காத்திருக்க வைக்காதீங்க.

மீனா_நங்கநல்லூர்:
தம்பி வர்ற வாரம் பெங்களூர்லேர்ந்து வர்றான், இரண்டாம் பொறுப்பாளரா நாங்க ரெண்டு பேருமே கையெழுத்துப் போடறோம். அம்மாவைக் காப்பகத்துக்குக் கூட்டிட்டு வர்றேன், அவங்களே பார்த்து முடிவு பண்ணட்டும். ஆனா தாரா, எங்க தெருவுல தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடியே சரவெடி ஆரம்பிச்சிடும். வந்த புதுசுல அதைக் கேட்டா மிரண்டு போவா. பண்டிகை முடிஞ்சதும் கூட்டிட்டுப் போகலாமா?

தாரா_பல்லாவரம்:
தாராளமா அக்கா. அதுக்குள்ள ரத்தப் பரிசோதனை முடிவு வந்துடும், அறுவை தேவைன்னா இங்கேயே முடிச்சு, தையல் பிரிச்சுத்தான் அனுப்புவோம். அம்மா வரும்போது அவங்க பழைய சேலை ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இப்பவே அவ படுக்கையில போட்டு வைக்கிறேன்.